போர் ஓய்ந்த நாட்டில் அரசுக் கணக்கைத் தணிக்கை செய்வது எப்படி?

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பதற்கு முன்பே தூர்வாரிய வாய்க்கால்களை அளந்துவிட வேண்டும் என்பது காவிரி டெல்டாவில் தணிக்கை பார்த்த எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டால், எத்தனை அடி ஆழம் வெட்டினார்கள் என்பதற்கு, செய்த வேலையின் அளவைப் பொறியாளர்கள் எழுதிவைக்கும் அளவுப் புத்தகத்தைத் தவிர வேறு சாட்சி இருக்காது. ஒருமுறை திருவாரூர்ப் பக்கம் நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது; புத்தகத்தில் மூன்றடி வெட்டியதாக எழுதியிருந்தார்கள். வாய்க்காலில் இறங்கிப் பயனில்லை என்பதால் கரையைப் பார்த்தேன். அவ்வளவு மண்ணை அள்ளியிருந்தால் அது எங்காவது கிடக்க வேண்டும், அல்லது ஏற்றிச் சென்ற டிராக்டருக்கு நடைக்கணக்கு இருக்க வேண்டும். இரண்டுமே இல்லை, கரையோரக் கோரைத் தூர் மண் படாமல் அப்படியே நின்றது.

போருக்குப் பிந்தைய தணிக்கையும் இந்தக் கரைமண்ணைத் தேடும் வேலைதான். ஐ.நா. தணிக்கையாளர் குழுவில் 1993 முதல் 1999 வரையிலும், 2014 முதல் 2020 வரையிலும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் உறுப்பினராக இருந்திருக்கிறார். அந்தக் குழு அமைதிகாப்புப் படைகளின் கணக்கையும் பார்ப்பதால், நம் துறையினருக்கு இது முற்றிலும் அயலான வேலை அன்று.

முதலில் முன்னிருப்பை, அதாவது கணக்கு தொடங்கும் நாளில் கையில் இருந்த தொகையை, நிலைநிறுத்துங்கள். ரொக்கப் புத்தகம் எரிந்துபோயிருந்தால், அதை நினைவிலிருந்து மீண்டும் எழுதித் தருவதாக அலுவலர்கள் முன்வருவார்கள். நல்லெண்ணத்தோடு எழுதினாலும் அதை ஆவணமாக ஏற்காதீர்கள். பணம் புறப்பட்ட இடத்தில் உள்ள பதிவை, அதாவது மத்திய வங்கி, கருவூலம், நன்கொடை தந்த நாடு ஆகியவற்றின் பதிவுகளை முதலில் பெற்று, எந்தத் தேதியில் எவ்வளவு தொகை யார் கைக்கு மாறியது என்ற பட்டியலை நீங்களே தயாரிக்க வேண்டும். அலுவலகத்து வவுச்சர்களைத் திறப்பது அதன் பிறகுதான், ஏனெனில் வவுச்சரைப் பின்னாளில் எழுதிச் சேர்க்கலாம், ஆனால் துறைமுகத்து இறக்குமதிப் பதிவையும் எடைமேடைச் சீட்டையும் அதே ஆள் எழுதிச் சேர்ப்பது கடினம்.

சம்பளப் பட்டியலில்தான் பெரும்பாலும் ஓட்டை இருக்கும். ஈராக்கில் 2003 போருக்குப் பின் அமெரிக்கா தலைமையில் இடைக்கால நிர்வாகம் நடந்த காலத்தைத் தணிக்கை செய்தபோது, ஓர் அமைச்சகத்தின் பட்டியலில் 8,206 காவலர்கள் இருந்தார்கள். உறுதிசெய்ய முடிந்தது 602 பேரை மட்டுமே. ஆகவே சம்பள நாளன்று நேரில் போய் ஆளையும் அடையாளச் சீட்டையும் ஒப்பிட்டு எண்ணுங்கள், வருவதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பட்டியலின் தாளையும் கவனியுங்கள். ஆறு மாத வருகை ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், ஒரு மூலைகூட மடங்காமல் இருந்தால், அது வேலைத்தளத்துக்குப் போய்வந்த தாள் அன்று, மேசையிலேயே பிறந்த தாள்.

நிவாரணக் கிடங்கில் அடுக்கின் வெளிவரிசையை எண்ணிப் பெருக்கும் வழக்கம் வேண்டாம். நம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டைகளை அட்டி போட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு, நடுவில் பொந்து விட்டு அடுக்க முடியும் என்பது தெரியும். ஒன்றிரண்டு அட்டிகளைப் பிரித்து எண்ணி, சில மூட்டைகளை எடையும் போடுங்கள். எரிபொருளுக்கு வண்டியின் கிலோமீட்டர் கணக்கு போதும்.

அறிக்கையின் சொற்களில் நிதானம் வேண்டும். அமெரிக்க அரசு அமர்த்திய, ஈராக் மறுசீரமைப்புக்கான சிறப்புத் தலைமை ஆய்வாளர் 2005 ஜனவரியில் தந்த அறிக்கை, ஈராக்கிய அமைச்சகங்களுக்கு வழங்கிய ஏறத்தாழ 880 கோடி டாலர் உரிய முறையில் செலவானது என்று உறுதிகூறும் அளவுக்குக் கட்டுப்பாடுகள் இல்லை என்றது. 880 கோடியும் களவு போனது என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் கேட்டவர்களில் பலர் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். சான்று கிடைக்காத தொகை, சான்று பொய்யென்று தெரிந்த தொகை, பொருளே வந்துசேராத தொகை ஆகிய மூன்றையும் தனித்தனிப் பத்திகளில் எழுதுங்கள். ஒரே மொத்தமாக எழுதினால், குண்டு விழுந்து ரசீதை இழந்த நேர்மையான எழுத்தரும் பணத்தைச் சுருட்டியவரும் ஒரே தணிக்கைத் தடைக்குள், அதாவது ஒரே ஆட்சேபணைக்குள், அடங்கிவிடுவார்கள்.

தகவல் தந்தவர்களின் பெயரைப் பணித்தாள்களில் எழுதாமல் எண்ணால் மட்டும் குறியுங்கள். ஆயுதம் இன்னும் எல்லோர் கையிலிருந்தும் இறங்காத ஊரில், எந்த எண் யாருடையது என்று காட்டும் பட்டியல் ஓர் இரவுகூட அலுவலக அலமாரியில் இருக்கக் கூடாது.