இன்டிசைனில் இடம் மாறிய கொம்புகள்

குன்னூர் தோட்டத்துக் கதைகளை யூனிகோடில் தட்டி அச்சகத்துக்கு அனுப்பினேன். வந்த ப்ரூஃபைப் பார்த்தால் 'தேயிலை'யில் இரட்டைக்கொம்பு 'த'வுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கிறது, புத்தகம் முழுக்கத் தேயிலைதான், நினைத்துப் பாருங்கள்! யூனிகோடு அல்லாத பழைய ஃபான்ட்டுக்கு மாற்றித் தரச் சொன்னார்கள் அச்சகத்தார். அப்படிச் செய்தால் நாளைக்கு மின்னூல் போடும்போது எல்லாவற்றையும் திரும்ப யூனிகோடுக்குக் கொண்டுவரணும், வேண்டாத வேலை. கோளாறு ஃபான்ட்டில் இல்லை. அவர்கள் பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் பாராகிராஃப் பேனல் மெனுவைத் திறந்து, தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் 'வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன், சரியாகிவிட்டது. அதை ஒவ்வொரு பாராகிராஃப் ஸ்டைலுக்குள்ளேயும் (பத்தி அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்), ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில், வைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் தலைப்பிலும் அடிக்குறிப்பிலும் மறுபடி உடையும். அப்புறம், அச்சுக்குப் போகும் கடைசி பிடிஎஃப்பை நீங்களே பக்கம் பக்கமாகப் பாருங்கள்.