ஒரு படிதானே என்று நினைத்தால்: சைவத்திலிருந்து நனிசைவத்துக்கு மாறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரிப் பக்கம் சைவக் குடும்பத்தில் வளர்ந்த ஒருவர் இனிமேல் பால், தயிர், நெய், தேன் எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்தால், முதலில் மனதில் ஓடுவது இதுதான்: "கறி, மீன், முட்டை எதையும் தொட்டதே இல்லை. பாலை நிறுத்துவதா பெரிய விஷயம்?" நானும் அப்படித்தான் நினைத்தேன். வீகன் என்பதைத் தமிழில் நனிசைவம் என்கிறார்கள். நனி என்றால் மிகுதி. சைவத்துக்கு மேல் இன்னும் கொஞ்சம் சைவம், அவ்வளவுதானே?

அந்த 'அவ்வளவுதானே' தான் முதல் தவறு. கறி சாப்பிடுகிறவர் கறியை விட்டால், பால் அவரைத் தாங்கிக்கொள்ளும். சைவர் பாலை விட்டால் தாங்க எதுவும் தானாக வராது. காலையில் காபி, மதியம் கடைசியாக ஒரு கை தயிர்சோறு, வெயிலில் வந்தால் மோர், இரவு ஒரு டம்ளர் பால் என்று நமக்கே தெரியாமல் பால் பல வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. ஒரு நாளில் அரை லிட்டர் பாலும் தயிருமாக உள்ளே போனால், அதில் ஏறக்குறைய 16 கிராம் புரதமும் 600 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் இருக்கும். அதைக் கழித்துவிட்டு அந்த இடத்தை வெறுமனே விட்டதுதான் நான் செய்தது.

முதல் மூன்று மாதம் என் சாப்பாடு இப்படி: காலையில் இட்லி, சட்னி. மதியம் சோறு, ரசம், ஒரு பொரியல். இரவு தோசை, மறுபடி சட்னி. எதிலும் பால் இல்லை, சரி. ஆனால் சத்தும் பெரிதாக இல்லை. நாலு மணிக்கெல்லாம் பசி, எடை குறைந்தது, தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அம்மா தினமும், "மோராச்சும் குடிச்சிட்டுப் போ கண்ணு, காத்துல பறந்துடப் போற" என்று வாசல்வரை வருவார்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கு மாற்று எங்கள் ஊர்ச் சமையலிலேயே இருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டுமே கேழ்வரகு விளையும் பூமி. 2023இல் நியாயவிலைக் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, நீலகிரியோடு தருமபுரியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் இருப்பது இதில் மிகச் சிறு பங்குதான். களியும் மொச்சைக் குழம்பும், களியும் கொள்ளுக் கடைசலும், களியும் கீரையும் என்று பாட்டி காலத்துச் சாப்பாட்டில் பால் பெரிதாக இருந்ததே இல்லை. இந்தப் பக்கத்து நாட்டு மாடான ஆலம்பாடியே உழவுக்கும் வண்டிக்கும் பேர் போனது, பாலுக்கு அல்ல.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம். களி சாப்பிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறுதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சொல்லப்படும் சுண்ணாம்புச் சத்தின் அளவு 1000 மில்லிகிராம். களி மட்டும் அதைக் கொடுத்துவிடாது. போதாததற்குக் கேழ்வரகில் உள்ள பைட்டேட் என்ற பொருள் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டி அரைத்தாலோ, கூழாகப் புளிக்க வைத்தாலோ அதன் பிடி தளரும். முருங்கைக்கீரையும் எள்ளும் கூடச் சேர வேண்டும். பாலக் கீரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் ஆக்ஸலேட் அதிகம் என்பதால் இருக்கிற சுண்ணாம்பும் உடம்பில் ஒட்டாது.

புரதத்துக்கு ஒரே விதிதான்: குழம்பில் பருப்பு 'இருக்கிறது' என்பது கணக்கில் வராது, எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு. சாம்பாரில் மிதக்கும் துவரம்பருப்பை எண்ணிவிடலாம். மொச்சை, அவரை, கொள்ளு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் ஒரு கிண்ணமாக, தனிப் பண்டமாக இருக்க வேண்டும். கையில் எப்போதும் வேகவைத்த அல்லது வறுத்த நிலக்கடலை. மீல் மேக்கரும் நல்லதுதான். இதில் எதிர்முனைத் தவறு ஒன்றும் உண்டு: ஒரே வாரத்தில் எல்லாப் பயறையும் தின்று தீர்த்துவிட்டு, வயிறு உப்பி, "எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை" என்று திரும்பிவிடுவது. இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இஞ்சி, பூண்டு, பெருங்காயம் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் வயிறு பழகிவிடும்.

இனி எல்லாத் தவறுகளிலும் பெரிய தவறு. பி12.

இந்த வைட்டமினை எந்தச் செடியும் செய்வதில்லை, எந்த விலங்கும் செய்வதில்லை. பாக்டீரியாக்கள் மட்டுமே செய்கின்றன. மாட்டின் வயிற்றில் இருக்கும் பாக்டீரியா செய்ததுதான் பால் வழியாக நமக்கு வந்துகொண்டிருந்தது. அதுவும் தாராளமாக வரவில்லை. பால் குடிக்கும் சைவர்களிடமே நம் நாட்டில் பி12 குறைபாடு மிகச் சாதாரணம். கறி சாப்பிட்டவர் நனிசைவத்துக்கு மாறினால் கல்லீரலில் சில வருடத்துக்கான இருப்பு இருக்கும். நாம் கிளம்பும்போதே பாதி காலியான தொட்டியோடுதான் கிளம்புகிறோம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இட்லி மாவு புளிக்கிறதே, பழைய சோறு இருக்கிறதே, சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை இருக்கிறதே என்று சொல்பவர்கள் வருவார்கள். மாவு புளிப்பதிலும் பழைய சோற்றிலும் நம்பக்கூடிய அளவு பி12 கிடைப்பதில்லை. சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் பி12 போலவே இருக்கும், ஆனால் உடம்புக்குப் பயன்படாத ஒன்று. "இயற்கையாக வாழ்கிறேன், மாத்திரை எதற்கு" என்ற வீம்பை இந்த ஒரு விஷயத்தில் விட்டுவிடுங்கள். கை கால் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு, நாக்குப் புண், மறதி, காரணமில்லாத அசதி இவையெல்லாம் குறைபாட்டின் அடையாளங்கள். நாள்பட விட்டால் நரம்பில் ஏற்படும் சேதம் முழுதாகச் சரியாகாமலும் போகலாம். இன்னொரு சிக்கல்: கீரையும் பயறும் நிறையச் சாப்பிடுவதால் ஃபோலேட் சத்து நன்றாக இருக்கும், அது ரத்தசோகையை வெளியே தெரியாமல் மறைத்துவிட, நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளே வளரும்.

ஆகவே பாலை நிறுத்துவதற்கு முன்பே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் முதலில் நிரப்புங்கள். சாதாரண நிலையில் இருப்பவர்களுக்கு, 1944இல் வீகன் என்ற சொல்லையே உருவாக்கிய இங்கிலாந்தின் வீகன் சங்கம் சொல்வது, தினமும் குறைந்தது 10 மைக்ரோகிராம் அல்லது வாரம் ஒருமுறை 2000 மைக்ரோகிராம். தேவை ஒரு நாளைக்கு வெறும் 2 சொச்சம் மைக்ரோகிராம்தான். ஆனால் ஒரே தடவையில் எவ்வளவு போட்டாலும் உடம்பு கொஞ்சத்தைத்தான் உறிஞ்சும், அதனால்தான் அந்தப் பெரிய எண். வாங்கும்போது மாத்திரையாகக் கேளுங்கள். மெத்தென்ற கேப்ஸ்யூல் என்றால் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாட்டு எலும்பு, தோல் சமாசாரம். வைட்டமின் டி3யும் வழக்கமாக ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து எடுப்பதுதான். சைவராக இருந்தபோது இதையெல்லாம் யோசித்தோமா?

அயோடின் பற்றி ஒரு வரி: பாலை விட்ட கையோடு இந்துப்புக்கும் மாறாதீர்கள். அயோடின் சேர்த்த உப்பே இருக்கட்டும்.

பாலுக்குப் பால் தேடுவது அடுத்த தவறு. ஓசூரில் இருப்பவர்களுக்குப் பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். பாதாம் பால், ஓட்ஸ் பால், வீகன் சீஸ் என்று பை நிறைய வாங்கி வந்து, மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து, "இது பணக்காரர் வேலை" என்று முடிவுக்கு வருகிறார்கள். பென்னாகரத்தில் இருப்பவருக்கு அந்தக் கவலையே இல்லை, கடையில் கிடைக்காது. உண்மையில் நமக்கு வேண்டியது வரக்காபியும் நிலக்கடலைத் தயிரும்தான். காபி விஷயத்தில் பத்து நாள் சிரமம், அப்புறம் பழகிவிடுகிறது. தயிருக்கு: ஒரு கப் நிலக்கடலையை ஆறேழு மணி நேரம் ஊறவைத்து, மூன்று கப் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி, அடிபிடிக்காமல் கிளறிக் கொதிக்க வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, பச்சைமிளகாய்க் காம்பு ஏழெட்டைப் போட்டு மூடி வையுங்கள். மறுநாள் உறைந்திருக்கும். முதல் தடவை சுமாராகத்தான் வரும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்ததற்கு உறை ஊற்றினால் நன்றாக வரும். கறிவேப்பிலை, இஞ்சி தட்டிப் போட்டால் மோருக்குக் குறையில்லை. தேங்காய்ப் பால் ருசிக்குச் சரி, ஆனால் பாலின் புரதமோ சுண்ணாம்போ அதில் இல்லை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலின் இடத்தில் இந்த வீட்டுத் தயாரிப்புகள் எதுவும் கூடவே கூடாது. தாய்ப்பால் நனிசைவத்துக்கு விரோதமில்லை, அதையும் கேட்டவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் மருத்துவரைக் கேட்காமல் மாற வேண்டாம்.

வரக்காபி, கட்டன் சாய் என்று மாறியவர்கள் சாப்பிட்ட கையோடு அதைக் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச் சத்தை அது தடுக்கும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நேர் எதிர் பலன்.

பச்சைப் புள்ளியை நம்பிப் பொருள் வாங்குவது சைவரின் பழக்கம். அந்தப் புள்ளிக்குப் பாலும் தேனும் சைவம்தான். பிஸ்கட், பன், சாக்லேட், சிப்ஸ் மசாலா என்று பால் பவுடர் நுழையாத இடமில்லை. 2022 விதிமுறைகளின்படி நனிசைவப் பொருளுக்குத் தனி முத்திரை வந்துவிட்டது: கட்டத்துக்குள் பச்சை நிற ஆங்கில 'வி', அதன் மேல் ஓர் இலை. அது இல்லாவிட்டால் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டியதுதான். ஹோட்டலில் தோசை சொல்லும்போதே "நெய் வேண்டாம்ணா, எண்ணெய்" என்று சொல்லிவிடுங்கள். பொங்கலைக் கேட்கவே வேண்டாம்.

உறவினர் வீட்டில் நடந்துகொள்வதுதான் எனக்கு இன்னும் சரியாக வராத பாடம். காரிமங்கலம் பக்கத்தில் அத்தை வீடு. இரண்டு கறவை மாடு, சொசைட்டிக்கு ஊற்றும் பால் காசில்தான் வீட்டுச் செலவு ஓடுகிறது. மாறிய புதிதில், நீட்டிய மோர்ச் சொம்பைத் தள்ளிவிட்டு, காளைக் கன்று என்ன ஆகிறது, வற்றிய மாடு எங்கே போகிறது என்று நான் பேச ஆரம்பித்தேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மாமாதான், "உனக்கு மாசச் சம்பளம் வருது சாமி" என்றார். கேள்விகள் தவறில்லை, கேட்ட இடமும் வேளையும் தவறு. இப்போது, "மோர் வேண்டாம் அத்தை, பானகம் இருந்தா குடுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். புளிக்கும் வெல்லத்துக்கும் இந்த மாவட்டத்தில் என்ன பஞ்சம்?

கடைசியாக, தட்டுக்கு வெளியே. நனிசைவம் சாப்பாட்டோடு முடிவதில்லை; தோல் செருப்பு, கம்பளி, பட்டு என்று நீள்கிறது. மல்பெரித் தோட்டமும் பட்டுக்கூட்டு அங்காடியும் உள்ள ஊர்க்காரருக்குப் பட்டு எப்படி வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. நூல் அறுபடாமல் இருக்கக் கூட்டுக்குள் இருக்கும் புழுவைச் சூட்டில் கொன்றுவிடுவார்கள். முதல் நாளே பீரோவைக் காலி செய்து எல்லாவற்றையும் தூக்கி எறிவது ஆர்வக் கோளாறு. புதிதாக வாங்காமல் இருந்தால் போதும் என்பது என் கட்சி. ஆனால் என் கல்யாணப் பட்டு வேட்டி இன்னும் மடித்தபடியே இருக்கிறது. தங்கைக்கு அடுத்த தை மாதம் கல்யாணம். அம்மா அதை இரண்டு முறை வெயிலில் உலர்த்தி எடுத்து வைத்துவிட்டார், நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.