விண்டோஸ் 11 அப்கிரேடு பாதியில் நிற்கிறதா? எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. இன்னும் 10-லேயே இருப்பவர்கள் 11-க்கு மாறப் பார்க்கிறார்கள். பல கணினிகளில் பட்டனை அழுத்திவிட்டுப் போனால், திரும்பி வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். சிலவற்றில் "இந்தக் கணினிக்கு ஆகாது" என்று வரும், அல்லது இரண்டு மணி நேரம் ஓடிவிட்டுப் பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடும். இந்தப் பதிவு அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு.

யூடியூபில் கண்ட கட்டளைகளை எல்லாம் வரிசையாக அடித்துப் பார்க்க வேண்டாம். தொடங்கவே விடவில்லையா, டவுன்லோடில் நிற்கிறதா, ரீஸ்டார்ட் ஆன பிறகு கவிழ்கிறதா, எல்லாம் முடிந்தபின் ஏதாவது வேலை செய்யவில்லையா? நான்குக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

படி 1: கை வைக்கும் முன்

ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் காப்பி எடுங்கள். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலர் கோட்டை விடுவது, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற வசதியின் சாவியில்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டுத் தொடங்கிய லேப்டாப்களில், நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். அன்றாடம் அது கண்ணில் படாது. நாளைக்கு பயாஸுக்குள் (விண்டோஸ் எழும் முன் ஓடும் அடிப்படை அமைப்பு) போய் டி.பி.எம். (பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (தொடக்கப் பாதுகாப்பு) போன்றவற்றை மாற்றியதும், அடுத்த முறை ஆன் செய்யும்போது நீலத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி சாவியைக் கேட்கும். சாவி கைவசம் இல்லாவிட்டால் உள்ளே இருப்பது உங்களுக்கே கிடைக்காது. ஹோம் பதிப்பில் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போய்ப் பாருங்கள். புரோ பதிப்பில் கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் என்றே இருக்கும். பூட்டு ஆனில் இருந்தால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் சாவியைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். அதே கணினியில் சேமித்து வைத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. புரோவில் "சஸ்பெண்ட் புரொடெக்ஷன்" கொடுத்துவிட்டு பயாஸுக்குப் போவது இன்னும் நல்லது.

படி 2: "இந்தக் கணினிக்கு ஆகாது" என்று வந்தால்

மைக்ரோசாஃப்டின் பி.சி. ஹெல்த் செக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் எது குறை என்று சொல்லிவிடும். 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் இவற்றில் இப்போது அதிகம் பேர் தோற்பதில்லை. இடிப்பது டி.பி.எம். 2.0, யு.இ.எஃப்.ஐ. (பயாஸின் புதிய வடிவம்), பிராசஸர் ஆகிய மூன்றில்தான்.

டி.பி.எம். இல்லை என்று வந்ததும் கணினியைத் தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலும் சில்லு உள்ளேயே இருக்கும், பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். செட்டிங்ஸில் ரெக்கவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டப், ரீஸ்டார்ட் நௌ கொடுங்கள். வரும் திரையில் டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யு.இ.எஃப்.ஐ. ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போனால் பயாஸ் திறக்கும். அங்கே இன்டெல் போர்டில் "பி.டி.டி." என்றும், ஏ.எம்.டி. போர்டில் "எஃப்.டி.பி.எம்." என்றும் தேடுங்கள். "டி.பி.எம்." என்ற பெயரிலேயே தேடி, காணோமே என்று பலர் திரும்பிவிடுகிறார்கள். அதை எனேபிள் செய்து சேமித்து வெளியே வாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, செக்யூரிட்டி பிராசஸர் டீட்டெயில்ஸ் என்ற பக்கத்தில் "ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன் 2.0" என்று தெரிந்தால் முடிந்தது.

மேலே சொன்ன யு.இ.எஃப்.ஐ. பட்டனே இல்லையா? ஸ்டார்ட்டில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடித் திறந்து "பயாஸ் மோட்" என்ற வரியைப் பாருங்கள். "லெகசி" (பழைய முறை) என்று இருந்தால் அவசரப்பட்டு பயாஸில் அதை மாற்றிவிடாதீர்கள். பழைய எம்.பி.ஆர். முறையில் பிரித்த டிஸ்க்கை அப்படியே விட்டுவிட்டு மோடை மட்டும் மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. முதலில் டிஸ்க்கை ஜி.பி.டி. என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கு விண்டோஸிலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உண்டு, ஃபைல்களை அழிக்காமலே மாற்றும். இருந்தாலும் கட்டளை அடித்துப் பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பிராசஸர் பழசு என்றால் பயாஸால் ஒன்றும் ஆகாது. இன்டெல்லில் ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஆதரவு. ஐ5-8250 என்றால் எட்டு, ஐ5-7200 என்றால் ஏழு, ஐ5-10210 என்றால் பத்து என்று கோட்டுக்குப் பின் வரும் எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) ஒரு வரி சேர்த்து ஏமாற்றி ஏற்றும் வழியும் சுற்றுகிறது. பிழைப்புக்கான கணினியில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். மிகப் பழைய பிராசஸர்களில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு எழும்பவே எழும்பாது. அதற்குப் பதில் விண்டோஸ் 10-க்கான நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட்டில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். இணையம், தட்டச்சு மட்டும் போதும் என்பவர்கள் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள்.

படி 3: டவுன்லோடில் நின்றால்

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறீர்களா? அந்த இணைப்பு "மீட்டர்டு" (டேட்டாவுக்கு அளவு உண்டு) என்று குறிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் பெரிய அப்டேட்டைத் தொடாது. அந்தக் குறியை எடுத்துவிட்டாலும், விண்டோஸ் 11 முழுவதும் அடங்கிய ஐ.எஸ்.ஓ. ஃபைலே 5 ஜிபிக்கு மேல் வரும். நாளுக்கு 2 ஜிபி பேக்கில் இது தேறாது, வைஃபை உள்ள இடத்துக்குப் போய்விடுங்கள்.

80070070 என்று பிழை எண் வந்தால் இடம் இல்லை என்று பொருள். (எண்ணுக்கு முன்னால் வரும் 0எக்ஸ்-ஐ விட்டுவிடலாம்.) சி டிரைவில் 30 ஜிபியாவது காலி செய்யுங்கள். டிஸ்க் கிளீனப் திறந்து "கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்" கொடுத்தால் பழைய அப்டேட் மிச்சங்கள் போகும். அந்தப் பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்ற வரியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது குப்பை இல்லை, உங்கள் ஃபைல்கள்.

இடமும் இருக்கிறது, நெட்டும் இருக்கிறது, விண்டோஸ் அப்டேட் மட்டும் ஒரே சதவீதத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றால், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11 ஐ.எஸ்.ஓ.-வை இறக்கி, அதன்மேல் இருமுறை சொடுக்கினால் ஒரு டிரைவாகத் திறக்கும். உள்ளே உள்ள செட்டப்பை ஓட்டி, "கீப் பர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்" தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில் அப்டேட்களை இறக்கட்டுமா என்று கேட்கும்போது "நாட் ரைட் நௌ" கொடுத்தால் ஒரு தொல்லை குறையும். எனக்கு எப்போதும் இந்த வழிதான் பிடிக்கும்.

படி 4: ரீஸ்டார்ட் ஆகி, பழையதற்கே திரும்பினால்

முதலில் பொறுமை. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் ஒரே சதவீதம் மணிக்கணக்கில் நிற்கும். டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது, பவர் பட்டனைத் தொடாதீர்கள். லேப்டாப்பைச் சார்ஜரிலேயே விடுங்கள். மேசைக் கணினி என்றால் யு.பி.எஸ். இல்லாமல் இதை ஆரம்பிக்கவே வேண்டாம்.

திரும்பி வந்ததும் ஒரு பிழை எண் காட்டும். அதை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வருவது சி1900101, பெரும்பாலும் டிரைவர் (கருவிகளை இயக்கும் மென்பொருள்) தகராறு. அதன் பின்னால் 20017, 30018, 40017 போல இன்னொரு எண் ஒட்டியிருக்கும். விஷயம் அதன் முதல் இலக்கத்தில் இருக்கிறது. 2 என்றால் புது விண்டோஸ் ஏறும் முன்பே, தற்காலிகச் சூழலில் விழுந்தது. 3 என்றால் புது விண்டோஸ் முதல் முறை எழும்போது. 4 என்றால் இரண்டாம் முறை எழும்போது, அதாவது கிட்டத்தட்டக் கரையேறிவிட்டீர்கள்.

மருந்து இந்த வரிசையில். பிரின்டர், பென்டிரைவ், கைரேகைக் கருவி, மெமரி கார்டு எல்லாவற்றையும் பிடுங்குங்கள், கீபோர்டும் மவுஸும் போதும். வெளியில் வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸை நிறுத்தி வைத்தால் போதாது, அன்இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் அதுவரை காவல் இருக்கும். பிறகு கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு பயாஸ், கிராஃபிக்ஸ், ஸ்டோரேஜ் டிரைவர்களைப் புதுப்பியுங்கள். கண்ட "டிரைவர் அப்டேட்டர்" மென்பொருள்களை மட்டும் இறக்க வேண்டாம், அவையே அடுத்த தலைவலி ஆகும்.

எண் சி1900208 என்றால் ஒவ்வாத மென்பொருள் ஏதோ குறுக்கே நிற்கிறது. சி1900107 என்றால் போன முயற்சியின் மிச்சம் இன்னும் துடைக்கப்படவில்லை, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எதுவும் பிடிபடாவிட்டால் சி டிரைவில் விண்டோஸ், லாக்ஸ், செட்டப்டயக் என்ற ஃபோல்டருக்குள் போங்கள். தோற்ற அப்கிரேடு பற்றிய அறிக்கை அங்கே கிடக்கும், குற்றவாளி டிரைவரின் பெயரே சில சமயம் அதில் இருக்கும்.

படி 5: ஏறிவிட்டது, ஆனால் வைஃபை காணோம்

டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். ஆண்ட்ராய்டு மொபைலை யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி, ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் "யு.எஸ்.பி. டெதரிங்" ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் தனியாக டிரைவர் எதுவும் போடாமலே நெட் வந்துவிடும். அதை வைத்து வைஃபை டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. அப்கிரேடில் உங்கள் எழுத்துருக்கள் அப்படியே இருக்கும். முழுக்க அழித்துப் புதிதாகப் போட்டால் பாமினி போன்றவை போய்விடும், ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைத் தனியே காப்பி எடுங்கள். லதா எழுத்துருவும் இல்லாவிட்டால், ஆப்ஷனல் ஃபீச்சர்ஸில் "தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ்" சேர்க்க வேண்டும். தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸிலேயே உண்டு.

எவ்வளவு முயன்றும் முக்கியமான மென்பொருள் ஒன்று ஓடவில்லை என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் "கோ பேக்" கொடுத்து விண்டோஸ் 10-க்கே திரும்பலாம். ஃபைல்கள் இருக்கும், 11-இல் புதிதாகப் போட்ட மென்பொருள்கள் போகும். இதற்குக் கெடு 10 நாள். அதுவரை சி டிரைவில் உள்ள "விண்டோஸ்.ஓல்டு" ஃபோல்டரை, எத்தனை ஜிபி தின்றாலும், அழிக்காதீர்கள். கெடு முடிந்ததும் விண்டோஸே அதைத் துடைத்துவிடும்.