கரண்ட் போகலாம், பாடம் போகக்கூடாது

ஆசிரியர் நியமனம் கிடைத்த முதல் வருடம், கொழும்பில் ஒரு பாடசாலை. தரம் 8 பிள்ளைகளுக்கு மின்சுற்று. இரவிரவாக விழித்திருந்து 32 ஸ்லைட் செய்தேன். காலையில் பென்டிரைவைப் பாடசாலைக் கணினியில் போட்டால், தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தேன், அந்தக் கணினியில் பாமினி இல்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்துச் சமாளித்தேன். பிறகு, தனி எழுத்துரு போடாமலே தமிழ் தெரிகிற யூனிகோடுக்கு மாறிவிட்டேன். அப்படியும் ஒரு பிடிஎஃப் பிரதியைக் கூடவே வைத்திருப்பேன்.

எழுத்துரு சின்னப் பிழைதான். பாடத்தை ஸ்லைடிலிருந்து தொடங்கியதுதான் பெரிய பிழை. பாடவேளை முடியும்போது பிள்ளை எதைச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. பல்பை எரிய வைக்க வேண்டுமென்றால் இரண்டு பற்றரி, ஒரு டோர்ச் பல்ப், கொஞ்சம் வயர் போதும். அதற்குத் திரை எதற்கு? கண்ணுக்குத் தெரியாததைக் காட்டத்தான் திரை வேண்டும்: கம்பிக்குள் இலத்திரன் ஓடுவது, குறுஞ்சுற்று ஏற்பட்டால் என்ன ஆகும் என்பது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) பாவனையாக்கங்களில், அதாவது கணினியில் செய்து பார்க்கும் பரிசோதனைகளில், இவற்றைக் கைவைத்துப் பார்க்கலாம். தமிழிலும் இருக்கின்றன. முதல் நாளே தரவிறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் ஓடும்.

40 நிமிடப் பாடவேளையை 40 நிமிடம் என்று நம்பித் திட்டமிடுவதும் புதிய ஆசிரியர்கள் எல்லோரும் விடுகிற பிழை. மல்டிமீடியா புரொஜெக்டரைத் தூக்கி வரவேண்டும், கணினி அறைத் திறப்பு யாரிடம் என்று தேடவேண்டும், வயர் எட்டாது. பத்து நிமிடம் போய்விடும். ஆகவே பாடக்குறிப்பில் எந்தப் பகுதி எப்படியும் நடக்க வேண்டும் என்பதற்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். நேரம் போதாவிட்டால் விடக்கூடியதைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் வையுங்கள். நெகிழ்வு என்று நான் சொல்வது இவ்வளவுதான். இரண்டு பாடம் தயாரிக்கச் சொல்லவில்லை. 2022இல் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட நாடு இது. கோடு போட்ட பகுதியைக் கரும்பலகையிலும் செய்யமுடிகிறதா என்று பாருங்கள்.

வகுப்பறையையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அரைச்சுவர் வகுப்பு என்றால் காலை வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது. வீடியோச் சத்தம் பக்கத்து வகுப்புக்குத்தான் நன்றாகக் கேட்கும், அந்த மிஸ் எழும்பி வருவார். மூன்று நிமிடத் துண்டு போதும். சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடவிட்டு, என்ன நடக்கிறது என்று பிள்ளைகளையே சொல்லச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

வீட்டுவேலையை வாட்ஸப்பில் போட்டால் எல்லோருக்கும் போய்ச் சேரும் என்று நினைக்காதீர்கள். அப்பா ஓட்டோ ஓட்டுகிறவர் என்றால் போன் அவரோடுதான். இரவு ஒன்பது மணிக்குத்தான் வீட்டுக்கு வரும். அதற்குள் பிள்ளை தூங்கிவிடும். 2020இல் பாடசாலைகளை மூடியபோதே இது தெரிந்த விசயம், ஆனாலும் இன்னும் 'இன்றிரவு 8 மணிக்குள் அனுப்பவும்' என்று போடுகிறோம். இரண்டு நாள் தவணை கொடுங்கள். வீடியோவுக்குப் பதிலாக ஒரு நிமிடக் குரல்பதிவு அனுப்பினால் டேட்டாவும் மிச்சம். போனே இல்லாத பிள்ளைக்கு அதே கேள்வியைக் கொப்பியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், வகுப்புக்கு முன்னால் பெயர் கூப்பிடாமல்.