கூலிக்கொலையாளிக்கு மறதி வந்தால்: முதல் குற்றக் கதையை எழுதி முடிப்பது எப்படி?

வயதான கூலிக்கொலையாளி, அவருக்கு மறதி நோய். இந்த ஒருவரியைக் கேட்டதும் எழுத ஆசைப்படும் எவருக்கும் கை பரபரக்கும். நாலைந்து பக்கம் ஓடும், அப்புறம் கதை நின்றுவிடும். காரணம் எளிது. மறதியைக் கடைசிப் பக்கத் திருப்பத்துக்காகப் பதுக்கி வைக்கிறார்கள். என் கட்சி இதற்கு நேர் எதிர்: அவர் எதை மறந்தார் என்பது வாசகருக்கு முதலிலேயே தெரிந்துவிட வேண்டும். தெரியாத ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

கதாபாத்திரம், உரையாடல் பற்றிய பாலபாடமெல்லாம் இங்கே கிடையாது. நேராக வேலைக்குப் போவோம். நம் ஆளுக்கு மாணிக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம், கதை நடக்கும் ஊர் சிங்கப்பூர்.

படி 1: நோயை முடிவு செய்யுங்கள்

தலையில் அடிபட்டு எல்லாம் மறந்துபோவது வேறு, முதுமை மறதி வேறு. பரவலாகக் காணப்படும் அல்சைமர் நோயில், மூளையில் புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் பகுதி ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுகிறது. அதனால் காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது போய்விடும், ஐம்பது வருடத்துக்கு முந்தைய சண்டை அப்படியே நிற்கும். கைப்பழக்கம் அதைவிடவும் நீடிக்கும். மாணிக்கத்துக்கு ஆளின் பெயர் வராது, ஆனால் கயிற்றைக் கையில் கொடுத்தால் விரல்கள் தாமாக முடிச்சுப் போடும். கதைக்கு வேண்டிய ஆபத்து முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பலருக்குச் சாயங்காலம் ஆனால் குழப்பம் கூடும். ஆகவே முக்கியக் காட்சிகளை ஆறு மணிக்கு மேல் வையுங்கள்.

மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் வரைந்து முள்ளை 11.10க்கு வைக்கச் சொல்வது வழக்கமான சோதனை. குறித்த நேரத்துக்கு வேலையை முடித்தே பேர் வாங்கிய ஆள் அந்தத் தாளின் முன் உட்கார்ந்திருப்பதை எழுதிப் பாருங்கள். எண்கள் எல்லாம் வட்டத்தின் ஒரே பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

படி 2: ஊர் சிங்கப்பூர் என்பதை மறக்காதீர்கள்

மரினா பே கூரையிலிருந்து துப்பாக்கியால் குறிபார்க்கும் கதை எதையும் நான் மூன்றாம் பத்திக்கு மேல் படிப்பதில்லை. இங்கே 1973ல் வந்த ஆயுதக் குற்றச் சட்டப்படி, காயப்படுத்தும் நோக்கத்தோடு துப்பாக்கியால் சுட்டாலே மரண தண்டனை. குண்டு யார் மீதும் பட வேண்டும் என்றுகூட இல்லை. போதாக்குறைக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்குகளிலும் கார் நிறுத்துமிடங்களிலும் போலிஸ் கேமரா. எனவே மாணிக்கத்தின் நல்ல காலத்தை எழுபதுகளில் வையுங்கள். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர், 1971ல் பிரிட்டிஷ்காரர்கள் போனதும் வீட்டில் வருமானம் நின்றது, பையன் தப்பான ஆட்களிடம் போய்ச் சேர்ந்தான் என்றால் நம்பும்படி இருக்கும்.

இந்த ஊரில் இன்னொரு வசதி, பாதி இடங்களை இடித்தாயிற்று. சிராங்கூன் ரோட்டின் பழைய தேக்கா மார்க்கெட் 1982ல் போனது, இப்போதிருக்கும் கட்டடம் எதிர்ப்பக்கம். தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் கடைசி ரயில் 2011 ஜூன் 30. “வேலை முடிந்ததும் தஞ்சோங் பகாரில் ராத்திரி ரயிலைப் பிடித்துவிடுவேன்” என்று மாணிக்கம் சொன்னாலே போதும். உள்ளூர் வாசகருக்கு வயிற்றைக் கலக்கிவிடும், நீங்கள் ஒரு வார்த்தை விளக்க வேண்டாம். பழைய இடங்களைச் சரிபார்க்கத் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இணையதளம் இருக்கிறது. பழைய தமிழ் முரசு இதழ்களும் அதில் உண்டு. விளம்பரப் பக்கங்களையும் விடாமல் பாருங்கள், செய்தியைவிட அதில்தான் சரக்கு அதிகம்.

படி 3: மூன்று கட்டத் தாள்

என்னை ரொம்ப நாள் மேலே போகவிடாமல் பிடித்து வைத்திருந்த படி இது. இதில் நேரம் செலவழித்தால் மற்றதெல்லாம் தானாக நகரும்.

தாளில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் உண்மையில் நடந்தது. இரண்டாவதில் மாணிக்கம் நினைத்துக்கொண்டிருப்பது. மூன்றாவதில் வாசகருக்கு இதுவரை தெரிந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் மூன்றையும் நிரப்ப வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம். நடந்தது: திங்கள் இரவே மாணிக்கம் வேலையை முடித்துவிட்டார். அவர் நினைப்பது: வேலை இன்னும் பாக்கி, இன்றைக்குத்தான் போக வேண்டும். வாசகருக்குத் தெரிந்தது: வீட்டுப் பணிப்பெண் அவருடைய வெள்ளைச் சட்டையை இரண்டாம் முறை ஊறவைக்கிறாள், கறை போகவில்லை. இந்த நிலையில் அவர் அதே வீட்டுக்குக் கிளம்பினால் காட்சி தானாக இறுகும். இப்போது யார் கதவைத் திறப்பார்? அங்கே போலிஸ் நிற்கிறதா? செத்தவரின் மனைவி இவரைத் துக்கம் கேட்க வந்தவர் என்று நினைத்து உட்காரச் சொன்னால்?

மூன்று கட்டமும் ஒன்றையே சொன்னால் அந்தக் காட்சியைத் தூக்கிவிடுங்கள். முதலும் மூன்றாவதும் ஒன்றாகி, இரண்டாவது மட்டும் விலகி நின்றால் பதற்றம். மூன்றாவது மட்டும் காலியாக இருந்தால் நீங்கள் வாசகரை ஏமாற்றுகிறீர்கள். அதை ஒரு கதையில் ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள்.

இதற்கென்று காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம். எக்செல் போதும், கட்டம் போட்ட பள்ளி நோட்டு அதைவிட நல்லது. எழுதுவதற்கு நான் பயன்படுத்துவது முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்தான். பேசினால் தட்டச்சு செய்துதரும் வசதியைக் குற்றக் கதைக்குப் பயன்படுத்தாதீர்கள். பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார்.

படி 4: குறிப்பேடு வேண்டாம்

மறந்தவர் குறிப்பேட்டில் எழுதி வைப்பதும், உடம்பில் பச்சை குத்திக்கொள்வதும் தேய்ந்துபோன உத்திகள். வீட்டில் உண்மையாகவே இருப்பதைப் பாருங்கள். கிழமை போட்ட மாத்திரைப் பெட்டி, சுவரில் தினம் கிழிக்கும் காலண்டர். மாணிக்கம் ஒரே நாளில் மூன்று தாளைக் கிழித்துவிட்டால் வெள்ளிக்கிழமை வேலை அவருக்குச் செவ்வாயே வந்துவிடும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. வழி தவறிய மறதி நோயாளிகளை அழைத்துப்போய் உட்காரவைக்க இங்கே பல இடங்களில் ‘கோ-டு பாயிண்ட்’ இருக்கிறது. நல்ல மனசுக்காரப் பெண் ஒருத்தி, தெருவில் தடுமாறி நிற்கும் கொலையாளியைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போகிறாள். பையில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது, அவருக்கும் நினைவில்லை.

படி 5: சட்டம்

கைதானதும் “எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை” என்றால் விட்டுவிடுவார்கள் என்று முடிக்காதீர்கள். தண்டனைச் சட்டத்தின் 84வது பிரிவு பார்ப்பது, செயலைச் செய்த நேரத்தில் மனநிலை எப்படி இருந்தது என்பதை. பிறகு மறந்தது அதில் சேராது. விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்பது தனிக் கேள்வி, அதற்குத்தான் மனநலக் கழக மருத்துவர்கள் வருவார்கள். அந்த அறையில் அவர் ஐம்பது வருடப் பழைய கொலை ஒன்றைத் துல்லியமாகச் சொல்லிவிட்டால்? கொலைக்கு இங்கே காலக்கெடு கிடையாது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர், எழுதியிருந்தார்: “மறந்தவர்கள் திருதிருவென்று முழிப்பதாக எல்லாரும் எழுதுகிறீர்கள். அப்பா முழிப்பதே இல்லை, சமாளிப்பார்.” சரியான அடி. அதற்கப்புறம் என் மாதிரிக் காட்சியை இப்படி மாற்றினேன்:

கோப்பிக்கடையில் மாணிக்கம் ஒரு கோப்பி கேட்டு, இரண்டு வெள்ளி நோட்டை நீட்டினார். கடைக்காரம்மா வாங்கவில்லை. “சுடா பாயார், அங்கிள்,” என்றாள் மலாயில், காசு கொடுத்தாயிற்று என்று. அவர் மேசையில் ஒரு கோப்பை ஆறிப்போய் இருந்தது. மாணிக்கம் சிரித்தார். “தெரியும். உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்தேன்.”

இன்னொருவர், ‘நான்’ என்று தன்மையில் எழுதலாமா என்று கேட்டார். எழுதலாம், ஆனால் மூன்றாவது கட்டத்தை நிரப்புவது கஷ்டம். மாணிக்கம் பார்த்தும் பொருட்படுத்தாததை அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும்: “சட்டையில் ஏதோ சிந்தியிருக்கிறது, குழம்பாக இருக்கும்.” முதல் கதைக்குப் படர்க்கையே போதும். மூவாயிரம் சொல்லுக்குள் முடியுங்கள்.