முகப்படங்களில் என் பாணி கிடைத்த விதம்

நான் எடுத்த முகப்படங்கள் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தன. ஆனால் யார் எடுத்தவை என்று சொல்ல முடியாது. பல வாரங்கள் இதிலேயே போயின.

முதலில் முகப்படங்களுக்குப் பலரும் பயன்படுத்தும் 85 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். பின்புலம் அழகாக மங்கியது, முகம் பழையபடி தட்டையாகவே நின்றது. படங்களின் நிறத்தை ஒரே சொடுக்கில் மாற்றும் ஆயத்த வண்ண அமைப்புகளைப் போட்டால் மாநிறத் தோல் சாம்பல் பூத்தது. பிரிட்டிஷ் ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1860களில் எடுத்த படங்களைப் பார்த்து நானும் குவியத்தை (ஃபோகஸை) தளர்த்தினேன். அவருக்குக் கைகூடிய மென்மை எனக்கு வெறும் மங்கலாகவே வந்தது.

வழி என் பழைய படங்களிலேயே இருந்தது. எனக்குப் பிடித்த சிலவற்றை மட்டும் பொறுக்கியெடுத்து, கண்ணில் விழுந்த ஒளிப்புள்ளியைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்றுதான்: கருவிழியின் இடப்புறம், நெடுக்கான பட்டையாக. திறந்திருந்த வாசற்கதவு! பிடிக்காத படங்களில் இன்னொரு கோடும் மேலே தெரிந்தது. அது டியூப்லைட்.

இப்போது ஆளை வாசலிலிருந்து ஓரடி உள்ளே நிறுத்தி, டியூப்லைட்டை அணைத்துவிடுகிறேன். எதிர்ப்பக்கமும் பின்னாலும் கறுப்புத் துணி. வெள்ளைச் சுவர் திருப்பியனுப்பும் வெளிச்சத்தை அது விழுங்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, மூன்றில் இரண்டு ஸ்டாப் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) குறைக்கிறேன். இதை விட்டுவிடக் கூடாது: பின்புலம் இருண்டிருந்தால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டி, மாநிறத்தை வெளுக்கச் செய்துவிடும். பிறகு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் ஓவியங்களில் உள்ளதுபோல், நிழல் விழுந்த கன்னத்தில் சிறு முக்கோண வெளிச்சம் வரும்வரை முகத்தை மெல்ல வாசல் பக்கம் திருப்பச் சொல்கிறேன்.

சென்ற வாரம் நண்பர்களின் படங்களோடு என் படங்களைக் கலந்து வைத்தேன். வீட்டார் என்னுடையவற்றைச் சரியாகப் பிரித்தெடுத்தார்கள்.