பழைய டீமும் புது டீமும் ஒரே மைதானத்தில்: அல்டிமேட் ஃபிரிஸ்பீ ரீயூனியன் நடத்துவது எப்படி?

உங்கள் அல்டிமேட் (டிஸ்க்கை ஒருவருக்கொருவர் எறிந்து, எதிர்முனையில் பிடித்துக் கோல் போடும் ஆட்டம்) டீமில் இதுவரை ஆடியவர்கள், இப்போது ஆடுகிறவர்கள் எல்லாரையும் ஒரு நாள் கூட்ட வேண்டும் என்ற பேச்சு எழுந்து, பொறுப்பு கடைசியில் உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். சாப்பாடு, இடம், போட்டோ எல்லாம் எந்த விழாவுக்கும் பொதுவானவை. அவற்றை எப்படியும் சமாளித்துவிடுவீர்கள். அல்டிமேட் ரீயூனியனுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. பழையவர்கள் ஒரு மூலையில் கூடிப் பழங்கதை பேசுவார்கள், புதியவர்கள் இன்னொரு மூலையில் டிஸ்க் எறிந்துகொண்டிருப்பார்கள், பொழுது சாயும் வரை இரண்டு கூட்டமும் ஒட்டவே ஒட்டாது. கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை அந்தச் சுவரை உடைப்பதற்காகத்தான்.

படி 1: ஆளைப் பிடியுங்கள், அப்புறம் தேதியைப் பிடியுங்கள்

முதல் வேலை பட்டியல். எல்லாரையும் நீங்களே தேடிப் பிடிக்க முயன்றால் பாதியில் களைத்துவிடுவீர்கள். ஒவ்வொரு காலகட்டத்திலிருந்தும் ஒருவரை மட்டும் பிடியுங்கள். அந்தந்த வருடங்களில் கேப்டனாக இருந்தவரைவிட, எல்லாரோடும் இன்னும் தொடர்பில் இருப்பவர்தான் இதற்குச் சரியான ஆள். தன் செட்டைக் கூட்டி வருவது அவர் பொறுப்பு.

தேதியை வாக்கெடுப்புக்கு விடாதீர்கள். 'எந்த நாள் வசதி?' என்று அறுபது பேரிடம் கேட்டால் அறுபது பதில் வரும். இரண்டு தேதிகளைச் சொல்லி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் போதும். இப்போதைய டீமுக்கு டோர்னமெண்ட் இருக்கும் வாரத்தையும் அதற்கு முந்தைய வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். போட்டிக்கு முன்னால் கணுக்காலைச் சுளுக்கிக்கொள்ள எந்தக் கேப்டனும் தன் ஆட்களை அனுப்ப மாட்டார்.

படி 2: படிவத்தில் கேட்க வேண்டியவை

வருகிறார்களா, எத்தனை பேரோடு வருகிறார்கள் என்பது எப்படியும் இருக்கும். அதோடு இவற்றையும் கேளுங்கள்: ஆடுவீர்களா, பார்ப்பீர்களா? கடைசியாக ஆடியது எப்போது? ஹேண்ட்லரா (டிஸ்க்கை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்), கட்டரா (ஓடிப் பிடிப்பவர்)? முழங்கால், தோள், கணுக்கால் எதிலாவது பழைய காயம் உண்டா? அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்?

கூடவே ஒரு வரி: 'ஒரு வெள்ளைச் சட்டையும் ஒரு அடர்நிறச் சட்டையும் கொண்டு வாருங்கள்.' இதை எழுதாவிட்டால் எல்லாரும் அவரவர் காலத்து டீம் ஜெர்ஸியில் வந்து நிற்பார்கள். போட்டோவுக்கு அது அழகுதான், ஆனால் ஆட்டத்தில் யார் யார் பக்கம் என்றே தெரியாது.

படி 3: மைதானத்தைச் சுருக்குங்கள்

உலகப் பறக்கும் தட்டுக் கூட்டமைப்பின் (WFDF) விதிப்படி முழு மைதானம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். அதற்குள் இரு முனையிலும் 18 மீட்டர் ஆழத்துக்கு எண்ட் ஸோன், அதாவது டிஸ்க்கைப் பிடித்தால் கோலாகும் பகுதி. ஒரு பக்கத்துக்கு 7 பேர். ரீயூனியனுக்கு இது வேண்டவே வேண்டாம். முழு மைதானத்தில் ஜெயிப்பது கால். பத்து வருடம் ஆடாமல் இருந்தவருக்குக் கால் போயிருக்கும், ஆனால் கை போயிருக்காது. சின்ன மைதானத்தில் அந்தக் கைக்கு மதிப்பு வரும்.

கடற்கரை ஆட்டத்தின் அளவு இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்: 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், அதற்குள்ளேயே இரு முனையிலும் 15 மீட்டர் எண்ட் ஸோன், ஒரு பக்கத்துக்கு 5 பேர். வழக்கமான ஒரு கால்பந்து மைதானத்தில் இப்படி இரண்டை நீளவாக்கில் பக்கம் பக்கமாகப் போடலாம். நடுவில் குறைந்தது ஐந்து மீட்டராவது இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் இந்த ஆட்டத்தில் டிஸ்க்கைத் துரத்துகிறவர் அந்த ஆட்டத்துக்குள் போய் விழுவார். ஒரு மைதானத்துக்கு 8 கோன் போதும்: நான்கு மூலைக்கு நான்கு, எண்ட் ஸோன் கோடுகளுக்கு நான்கு. அளவு நாடா இல்லையென்றால் பெரிய எட்டு ஒன்றை ஒரு மீட்டர் என்று வைத்து நடந்து அளந்துவிடுங்கள். யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

மாலையில் ஆடுவதாக இருந்தால் மைதானத்தின் நீளம் வடக்கு தெற்காக அமையட்டும். இறங்கும் வெயில் கண்ணில் அடித்தால் மேலே மிதந்து வரும் டிஸ்க் தெரியாது. கோன் வைக்கும்போதே புல்லில் குழி, தண்ணீர்க் குழாய் முனை ஏதாவது இருக்கிறதா என்று ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள்.

முழு மைதானம் இல்லாவிட்டால் இது அல்டிமேட்டே இல்லை என்று யாராவது முறைத்துக்கொண்டால், இந்த ஆட்டம் பிறந்த கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் மேப்பிள்வுட் ஊரில், கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1968இல் தொடங்கியது இது. அவர்கள் ஆடி வளர்த்தது பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில்.

படி 4: சீட்டுக் குலுக்கி டீம் பிரியுங்கள்

இந்தப் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பலரும் நினைப்பது போல 'பழையவர் எதிர் புதியவர்' என்று முழு ஆட்டம் வைக்காதீர்கள். கேட்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மூன்றாவது பாயிண்டிலேயே பழையவர்கள் இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவார்கள். அதைவிட மோசம், நீங்கள் கலக்க நினைத்த இரண்டு கூட்டத்தையும் கோடு போட்டுப் பிரித்துவிடுகிறீர்கள்.

அல்டிமேட்டுக்கென்றே 'ஹேட் டோர்னமெண்ட்' என்ற வழக்கம் இருக்கிறது. பெயர்களைத் தொப்பியில் போட்டு எடுத்து, அன்றைக்கு மட்டும் டீம் அமைப்பது. அதை இப்படிச் செய்யுங்கள்:

1. படிவத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயரையும் ஒரு சீட்டில் எழுதி நான்கு குவியலாகப் பிரியுங்கள்: இப்போது ஆடும் ஹேண்ட்லர்கள், இப்போது ஆடும் கட்டர்கள், ஆட்டத்தை விட்டிருந்தாலும் ஓடக்கூடியவர்கள், எறிவேன் ஆனால் ஓடமாட்டேன் என்பவர்கள்.
2. குவியலுக்கு ஒரு தொப்பி.
3. எல்லார் முன்னாலும் ஒவ்வொரு தொப்பியிலிருந்தும் வரிசையாக டீமுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டே போங்கள்.

32 பேர் ஆட வந்தால் எட்டுப் பேர் கொண்ட 4 டீம் கிடைக்கும். களத்தில் ஐந்து, வெளியே மூன்று. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் மூச்சு வாங்குகிறவர்களுக்கு ஓய்வு தாராளம். கலப்பு டீமாக இருந்தால் பெண்களின் சீட்டுகளையும் ஆண்களின் சீட்டுகளையும் தனித்தனியாகக் குலுக்குங்கள், எண்ணிக்கை சமமாகப் பிரியும்.

குலுக்கலை முன்கூட்டியே வீட்டில் முடித்துவிட்டு அச்சடித்த பட்டியலோடு வராதீர்கள். பெயரை வாசிக்கும்போது கூட்டம் கத்துவதுதான் பாதி விழா. தான் சேர்வதற்கு முன்பே போய்விட்ட பழைய கேப்டனின் பெயருக்கு அடுத்து தன் பெயர் வந்ததும், முதல் வருடப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி அவர் பக்கம் போய் நிற்பான். அவர் 'நீ கட்டரா? சரி, நான் எறியறேன், நீ ஓடு' என்பார். அதற்கு மேல் அறிமுகம் தேவைப்படாது.

படி 5: உடம்பைச் சூடாக்குங்கள்

இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பழைய ஆட்டக்காரர்கள் பத்து நிமிடம் டிஸ்க் எறிந்துவிட்டு வார்ம்அப் முடிந்ததாக நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் முதல் நீண்ட எறிக்கு முழு வேகத்தில் பாயும்போது தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும். எனவே முதலில் மெதுவோட்டம், பிறகு கால் வீச்சு, பக்கவாட்டு நகர்வு, படிப்படியாக வேகம் கூட்டிய சிறு ஓட்டங்கள். டிஸ்க்கைக் கையில் கொடுப்பது அதற்கப்புறம்தான். கொடுக்கும்போது பழையவர் ஒருவர், புதியவர் ஒருவர் என்று ஜோடி சேருங்கள். பத்து மீட்டர் தூரத்தில் பேக்ஹேண்ட், பிறகு ஃபோர்ஹேண்ட், பிறகு தூரத்தைக் கூட்டலாம்.

ஐஸ், கிரேப் பேண்டேஜ், குடிதண்ணீர் மூன்றும் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். இடிச் சத்தம் கேட்டால் எல்லாரும் கூரைக்கடியில் போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வர வேண்டும். அந்த இடத்தில் 'இன்னும் ஒரே பாயிண்ட்' என்ற பேரமெல்லாம் கிடையாது.

படி 6: ஆட்டம்

முதலில் 7 கோல் எடுப்பவர் வெற்றி, அல்லது 25 நிமிடம், எது முன்னால் வருகிறதோ அது. 4 டீமும் ஒருவரோடொருவர் மோதினால் மொத்தம் 6 ஆட்டம். இரண்டு மைதானம் இருந்தால் இடையில் பத்துப் பத்து நிமிட ஓய்வோடு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே மைதானம் என்றால் மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

தொடங்குமுன் விதிகளை ஐந்து நிமிடம் நினைவுபடுத்துங்கள். விதிப்புத்தகம் அவ்வப்போது திருத்தப்படுகிறது, ஒவ்வொருவர் மனதிலும் அவரவர் ஆடிய காலத்து விதிதான் இருக்கும். நடுவர் இல்லாத ஆட்டம் என்பதால் அந்த வித்தியாசம் களத்தில்தான் வெடிக்கும். ஸ்டால் கவுண்டை (டிஸ்க் வைத்திருப்பவர் அதை எறிவதற்குள் எதிராளி சத்தமாக எண்ணுவது) உலக விதிப்படி பத்து வரை எண்ணுங்கள். எண்ணுகிறவர் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நொடி கொடுக்க வேண்டும். பரபரப்பில் எல்லாருக்கும் அது அரை நொடியாகிவிடும். ஓடமாட்டேன் குவியலிலிருந்து வந்தவரின் கையில் டிஸ்க் இருக்கும்போது மட்டும் எண்ணாமல் விடலாம் என்பது நம் வீட்டு விதி. லேஅவுட் (டிஸ்க்குக்காக உடம்பை நீட்டித் தரையில் விழுவது) பாய்வதற்குத் தடை போட்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை, ஆனாலும் சொல்லி வையுங்கள்.

யார் முதலில் புல் (pull, ஆட்டத்தைத் தொடங்கும் எறி) எறிவது என்பதற்கு நாணயம் தேவையில்லை. டீமுக்கு ஒருவர் டிஸ்க்கைச் சுண்டி மேலே விடுவார், அது காற்றில் இருக்கும்போதே ஒருவர் 'சேம்' அல்லது 'டிஃபரண்ட்' என்று கத்த வேண்டும். இரண்டும் ஒரே பக்கமாக விழுகிறதா என்று குனிந்து பார்க்கும் அந்த வட்டத்துக்குள் குழந்தைகளையும் விடுங்கள்.

'பழையவர் எதிர் புதியவர்' ஆசையைக் கடைசியில் தீர்த்துக்கொள்ளலாம், ஒரே ஒரு பாயிண்டாக. எல்லா ஆட்டமும் முடிந்த பின் பழையவர் ஏழு பேர், புதியவர் ஏழு பேர், ஒரே ஒரு யூனிவர்ஸ் பாயிண்ட் (வெற்றியைத் தீர்மானிக்கும் கடைசிப் பாயிண்ட்). எவ்வளவு டர்ன்ஓவர் ஆனாலும் (டிஸ்க் எதிர் டீமிடம் போனாலும்) கோல் விழும் வரை ஆட வேண்டும். பத்து நிமிடம் இழுத்தாலும் கோட்டோரத்தில் இருப்பவர்கள் நகர மாட்டார்கள்.

படி 7: ஆடாதவர்களுக்கும் டிஸ்க்

துணைவர்கள், குழந்தைகள், முழங்கால் போனவர்கள் எல்லாரையும் வெயிலில் உட்கார வைத்துக் கைதட்டச் சொல்வது நியாயமில்லை. ஓரத்தில் எம்டிஏ (டிஸ்க் அதிக நேரம் காற்றில் நிற்கும்படி எறியும் போட்டி) ஒன்று போதும். காற்றை நோக்கி டிஸ்க்கை மேலே எறிந்து, அது திரும்பி வரும்போது ஒரு கையால் பிடிக்க வேண்டும்; கையை விட்டதிலிருந்து பிடிக்கும் வரை எத்தனை நொடி என்று கணக்கு. குழந்தைகளுக்கு மட்டும் இலேசான, மென்மையான டிஸ்க் கொடுங்கள். 175 கிராம் ஆட்ட டிஸ்க் மூக்கில் பட்டால் விழாவே நின்றுவிடும்.

படி 8: ஸ்பிரிட் சர்க்கிள், பரிசு

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் இரண்டு டீமும் மாற்றி மாற்றித் தோளில் கை போட்டு வட்டமாக நிற்கட்டும். டீமுக்கு இரண்டு நிமிடம் போதும். வழக்கமாகக் கேப்டன் பேசுவார். அன்றைக்கு டீமில் மூத்தவரும் இளையவரும் பேசட்டும்.

ஸ்பிரிட் மதிப்பெண்ணையும், அதாவது எதிர் டீம் எவ்வளவு நேர்மையாக ஆடியது என்பதற்கான மதிப்பெண்ணையும், போடுங்கள். ஐந்து தலைப்பு: விதிகளை அறிந்து பயன்படுத்துவது, ஃபவுலும் உடல் மோதலும், நடுநிலை, நல்ல மனப்போக்கும் தன்னடக்கமும், பேசிக்கொள்ளும் விதம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. தலைப்புக்கு இரண்டு என்பது சாதாரண நல்ல ஆட்டம், ஆக மொத்தம் 10 வந்தால் குறையொன்றும் இல்லை. பழையவர்களில் சிலர் இந்தத் தாளையே பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் இளையவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பட்டும். பரிசு ஒன்றே ஒன்று வையுங்கள், அதையும் கோல் கணக்குக்குக் கொடுக்காமல் இதற்குக் கொடுங்கள்.

பரிசாக ஒரு வெள்ளை டிஸ்க்கில் எல்லாரும் கையெழுத்துப் போடலாம். பர்மனண்ட் மார்க்கர், டிஸ்க்கின் உள்பக்கம். மேல்பக்கம் எழுதினால் எறிய எறியத் தேய்ந்துவிடும்.

படி 9: மாலை

பெயர், பட்டப்பெயர், ஆடிய வருடங்கள் மூன்றையும் பெரிய எழுத்தில் மாஸ்கிங் டேப்பில் எழுதி சட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். பட்டப்பெயரைக் கட்டாயமாக்குங்கள், பலருக்கும் அதுதான் உண்மையான பெயர்.

பேச விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு நிமிடம். தாண்டினால் கூட்டமே ஸ்டால் எண்ண ஆரம்பிக்கட்டும்: ஸ்டாலிங், ஒன்று, இரண்டு... பத்து வந்தால் டர்ன்ஓவர், மைக் அடுத்தவர் கைக்கு. யாரும் முகம் சுளிக்காமல் பேச்சு குறைய எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை. இறந்துபோன ஆட்டக்காரர் யாராவது இருந்தால் அவருடைய ஜெர்ஸியைக் கேட்டு வாங்கி மாட்டுங்கள். அவரோடு ஆடிய ஒருவருக்கு மட்டும் நிமிடக் கணக்கு வேண்டாம்.

செலவைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்காமல், சம்பாதிப்பவர்கள் கூடவும் படிக்கிறவர்கள் குறைவாகவும் தரும்படி வைத்து, படிவத்திலேயே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு மைதானத்தில் வசூல் செய்யும் சங்கடம் இருக்காது.

கடைசியாக, தொடர்பு எண்களில் மாறியதை அன்றே திருத்தி, பட்டியலை நடப்புக் கேப்டனிடம் ஒப்படையுங்கள். கிளம்புமுன் கோன்களை எண்ணிப் பாருங்கள். குறைந்தால் முதலில் குழந்தைகளைக் கேளுங்கள், பெரும்பாலும் யார் தலையிலாவது தொப்பியாக இருக்கும்.